சிறுமூளை பக்கவாதம்: கேஸ் ஷீட்டில் எழுதுவதும் கோடு போடுவதும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மருத்துவமனைகளில் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்ப்பவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், ஓசூரிலும் வீட்டிலிருந்தும் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டைப் பார்த்து நோய்க் கோடு போடும் கோடர்கள் என்று மூன்று தரப்பினரும் மாற்றி மாற்றிக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம்.

படிக்கும் முன் இரண்டு விஷயம். ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளம் கொடுக்கும் பட்டியல் உண்டு; அந்த அடையாளத்தைத்தான் இங்கே 'கோடு' என்கிறோம். அந்தப் பட்டியலின் உலக சுகாதார நிறுவனப் பதிப்பை 'ஐ.சி.டி.-10' என்றும், அதிலிருந்து அமெரிக்கா விரித்து எழுதிக்கொண்ட பதிப்பை 'சி.எம்.' என்றும் சொல்கிறோம். கோடுகளின் முதல் எழுத்தை உச்சரிப்பில் எழுதியிருக்கிறோம்: ஐ63, ஜி46, ஆர்42. கணினியில் அடிக்கும்போது அது ஆங்கிலப் பெரிய எழுத்து. 'ஐ' வரும் இடத்தில் ஒன்று என்ற எண்ணைத் தட்டிவிட்டு 'கோடு ஏற மாட்டேங்குது' என்று தவிப்பவர்கள் நிறைய.

"கை கால் நல்லாத்தான் இருக்கு, வெறும் கிறுகிறுப்பும் வாந்தியும்தான். இதைப் போய் பக்கவாதம்னு எப்படி சார் எழுதறது?"

எழுதலாம். உறுதியானால் எழுதியே ஆக வேண்டும். பக்கவாதம் என்றால் ஒரு பக்கம் விழுந்துவிடுவது என்று பேரை வைத்தே பழகிவிட்டோம். சிறுமூளை பிடரி எலும்புக்கு உள்ளே, மூளைத்தண்டுக்குப் பின்னால் இருக்கிறது. உடம்பின் சமநிலை, அசைவின் ஒழுங்கு, பேச்சின் சீர் எல்லாம் அதன் பொறுப்பு. அங்கே ரத்த ஓட்டம் நின்றால் பலம் அப்படியே இருக்கும், ஒழுங்குதான் குலையும். திடீர்த் தலைசுற்றல், வாந்தி, பிடரி வலி, தள்ளாட்டம், நாக்குக் குழறல், கண் விழி ஆட்டம் என்று வரும்.

ஆகவே 'பவர் ஐந்துக்கு ஐந்து, நியூரோ நார்மல்' என்ற ஒற்றை வரி இந்த நோயில் ஆளையே கவிழ்த்துவிடும். விரலால் மூக்கைத் தொடும் சோதனை, குதிகாலை முழங்காலிலிருந்து கீழே இழுக்கும் சோதனை, உட்கார வைத்தால் எந்தப் பக்கம் சாய்கிறார், விழி ஆட்டம் எந்தத் திசையில், பிடிமானம் இல்லாமல் நாலு அடி நடக்க முடிகிறதா என்று தனித்தனியாகக் குறிக்க வேண்டும். படுக்கையில் வைத்தே பரிசோதனையை முடித்தால் தள்ளாட்டம் தெரியாமலே போகும். விரல், குதிகால் சோதனை இரண்டும் நன்றாக இருந்தும் எழுந்து நிற்க முடியாத நோயாளிகள் உண்டு.

"வீட்டுக்காரங்க 'மயக்கம்'னுதான் சொல்றாங்க. அதை அப்படியே இங்கிலீஷ்ல சின்கோப்னு போட்டுடலாங்களா?"

கூடாது. கோடு தடம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் ஊரில் மயக்கம் என்ற ஒரே சொல் மூன்று விஷயத்துக்கு வரும்: நினைவு தப்புவது, தலை சுற்றுவது, நிற்க முடியாமல் தள்ளுவது. முதலாவதுதான் சின்கோப், ஆர்55; இரண்டாவது ஆர்42, மூன்றாவது நடைக் கோளாறு. 'நினைவு போச்சா? வீடு சுத்துற மாதிரி இருந்துச்சா? எந்திரிச்சு நின்னா ஒரு பக்கமா இழுத்துச்சா?' என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு எழுதுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் தெலுங்கிலும் கன்னடத்திலும் சொல்வதை உடன் வந்தவர் தமிழில் சொல்லி, அது பிறகு ஆங்கிலமாகி ஷீட்டில் ஏறுகிறது. அங்கே நோயாளி செய்து காட்டுவதைப் பார்த்து எழுதுவதே நல்லது.

"எல்லா ஸ்ட்ரோக்குக்கும் ஐ64 போட்டுட்டு வர்றோம். அதுல என்னங்க தப்பு?"

ஐ64 என்றால் 'அடைப்பா, கசிவா என்று குறிப்பிடப்படாத பக்கவாதம்'. ஸ்கேன் எடுக்காத, எடுக்க முடியாத நிலைக்கு அது சரி. சி.டி. எடுத்து அடைப்பு என்று தெரிந்த பிறகும் ஐ64 போட்டால், தெரிந்ததைத் தெரியாது என்று பதிவு செய்கிறோம். அடைப்பால் திசு செத்திருந்தால் (இதுதான் இன்ஃபார்க்ட்) ஐ63 குடும்பம். சிறுமூளைக்குள் தானாக ரத்தம் கசிந்திருந்தால் நேரடியாக ஐ61.4.

சி.எம். பதிப்பில் ஐ64 கிடையவே கிடையாது. அங்கே 'ஸ்ட்ரோக்' என்று மட்டும் எழுதியிருந்தால் ஐ63.9-இல் போய் விழும். அதாவது டாக்டர் ஒரு சொல்லோடு நிறுத்தினால், கசிவாக இருந்தாலும் அடைப்பு என்று பதிவாகிவிடும் ஆபத்து இருக்கிறது.

"கோடு முழுசா வரணும்னா கேஸ் ஷீட்டில் கட்டாயம் என்னென்ன இருக்கணும்?"

அடைப்பா கசிவா. அடைப்பு என்றால் எப்படி வந்தது. எந்த ரத்தக் குழாய். எந்தப் பக்கம். எப்போது தொடங்கியது. இந்த ஐந்தும் டாக்டரின் கையெழுத்துக்கு மேலே ஒரே வாக்கியத்தில் இருந்தால் கோடருக்கு வேலையே இல்லை.

பொதுவாகக் கிடைக்கும் வரி: 'சி.வி.ஏ., எச்.டி., டி.எம்., கன்சர்வேட்டிவ்' (பக்கவாதம், ரத்த அழுத்தம், சர்க்கரை, அறுவையில்லாத சிகிச்சை). இருக்க வேண்டிய வரி: 'இடது சிறுமூளையில் அக்யூட் இன்ஃபார்க்ட், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனால் வந்த எம்பாலிசம், இடது பைகா அடைப்பு, கடைசியாக நன்றாக இருந்தது நேற்று இரவு 10 மணி.' (ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பது இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவது; எம்பாலிசம் என்பது வேறிடத்திலிருந்து அடித்து வந்த ரத்தக் கட்டி குழாயை அடைப்பது; பைகா சிறுமூளைக்கு ரத்தம் தரும் ஒரு குழாய்.) இரண்டாவதை எழுத அரை நிமிடம் கூடுதலாகும். முதல் வரி சி.எம்.-இல் ஐ63.9 என்பதோடு நின்றுவிடும், இரண்டாவது ஐ63.442 வரை போகும். ரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை ஆகியவற்றைத் தனிக் கோடுகளாகச் சேர்க்க வேண்டும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கும் தனிக் கோடு உண்டு.

நேரத்தில் ஒரு கண் வையுங்கள். மாந்தோப்புக் காவலுக்குப் போனவர் விடியற்காலை 5 மணிக்கு எழுந்தபோதே தள்ளாடினார் என்றால், தொடக்கம் 5 மணி அல்ல. இரவு படுக்கும்போது கடைசியாக எப்போது நன்றாக இருந்தாரோ அதுதான் நேரம். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கான நாலரை மணி நேரக் கணக்கு அங்கிருந்துதான் ஓடுகிறது. 'காலையில் இருந்து' என்று எழுதினால் சிகிச்சை முடிவும் தடுமாறும், பிறகு அதைப் படிப்பவருக்கும் விளங்காது.

"நம்ம ஆஸ்பத்திரியில போடற கோடும், ட்ரெயினிங்ல சொல்லிக்கொடுத்த கோடும் ஏன் ஒத்துப்போக மாட்டேங்குது மேடம்?"

இரண்டும் ஒரே மரம், கிளைகள் வேறு. ஐ.சி.டி.-10-இல் மூளை அடைப்புக்கு நாலு எழுத்தோடு முடிந்துவிடும்: மூளைக்குள் இருக்கும் குழாயில் த்ராம்போசிஸ் (குழாய்க்குள் அங்கேயே ரத்தம் உறைந்து அடைப்பது) என்றால் ஐ63.3, எம்பாலிசம் என்றால் ஐ63.4, காரணம் குறிப்பிடாத அடைப்பு என்றால் ஐ63.5. இடது வலது கிடையாது. சி.எம்.-இல் அதற்கு மேல் குழாயின் பெயரும் பக்கமும் சேரும். சிறுமூளைக் குழாய்க்கு மூன்றிலும் அடுத்த எண் 4. ஆகவே த்ராம்போசிஸ் ஐ63.34, எம்பாலிசம் ஐ63.44, குறிப்பிடாத அடைப்பு ஐ63.54. கடைசி எண்ணில் 1 வலது, 2 இடது, 3 இரு பக்கமும், 9 பக்கம் குறிப்பிடவில்லை. இந்த அமைப்பு ஒரு முறை மனதில் ஏறிவிட்டால் பன்னிரண்டு கோடும் மனப்பாடம்தான்.

அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் வருவது சிகிச்சைத் தொகுப்பின் கோடை வைத்து. அது நோய்க் கோடு அல்ல. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

"ஈ.சி.ஜி.யில ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருக்கு. அப்போ எம்பாலிசம்னு நானே எடுத்துக்கலாம்தானே?"

எடுக்கக் கூடாது. ஃபிப்ரிலேஷன் இருப்பவருக்கே கழுத்துக் குழாயில் கொழுப்புப் படிந்து த்ராம்போசிஸ் வரலாம். எது காரணம் என்று முடிவு செய்வது சிகிச்சை தரும் டாக்டர். 'அதனால்', 'காரணமாக' என்ற இணைப்புச் சொல் அவர் எழுத்தில் இருக்க வேண்டும். 'ஃபிப்ரிலேஷன், இன்ஃபார்க்ட்' என்று காற்புள்ளி போட்டு அடுத்தடுத்து எழுதியிருந்தால் அது இணைப்பாகாது.

அதேபோல 'இடது சிறுமூளை இன்ஃபார்க்ட்' என்று மட்டும் இருந்தால் ஐ63.542-க்குத் தாவிவிட வேண்டாம். அந்தக் கோடு 'இடது சிறுமூளைக் குழாயில் அடைப்பு அல்லது சுருக்கம்' என்று சொல்கிறது. ஷீட்டில் திசு எங்கே செத்தது என்று இருக்கிறது, குழாய் அடைந்தது என்று இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

"ஜி46.4-க்கு 'சிறுமூளை ஸ்ட்ரோக் சிண்ட்ரோம்'னு பேரே கச்சிதமா இருக்கே. அதையே முதல்ல வெச்சா என்ன?"

தேடும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான், பலரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஐ.சி.டி.-10-இல் ஜி46.4 நட்சத்திரக் குறி போட்ட கோடு. அது நோயின் வெளித்தோற்றத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. நட்சத்திரக் கோடு தனியாக நிற்காது. குறுவாள் குறி போட்ட காரணக் கோடு, அதாவது ஐ60 முதல் ஐ67 வரை ஒன்று, அதற்கு முன்னால் வர வேண்டும். சி.எம்.-இலும் 'அடிப்படை ரத்தக் குழாய் நோயை முதலில் போடு' என்று குறிப்பு இருக்கிறது.

டாக்டர் சிண்ட்ரோம் என்று எழுதியிருந்தால் ஐ63.442 முதலில், ஜி46.4 பின்னால். அவர் எழுதவில்லை என்றால் ஜி46.4-ஐ நாமாகச் சேர்க்க வேண்டியதில்லை. மரணக் காரணப் புள்ளிவிவரத்தில் அடிப்படைக் காரணமாக நட்சத்திரக் கோடு ஏறவே ஏறாது.

"எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்ல எல்லாம் தெளிவா இருக்கு, டாக்டர் 'சி.வி.ஏ.'ன்னு மட்டும் எழுதியிருக்கார். ரிப்போர்ட்டைப் பார்த்தே கோடு போட்டுடலாமாண்ணா?"

நோய் என்னவென்று சொல்ல வேண்டியவர் சிகிச்சை தரும் டாக்டர். ரேடியாலஜி ரிப்போர்ட்டில் மட்டும் இருக்கும் நோயை வைத்து உள்நோயாளிக்குக் கோடு போடக் கூடாது. டாக்டர் இன்ஃபார்க்ட் என்று எழுதிவிட்ட பிறகு, இடத்தை மட்டும் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில ப்ராஜெக்டுகளில் அனுமதி உண்டு. உங்கள் ப்ராஜெக்டின் எழுத்து மூல விதியைப் பாருங்கள். காரணத்தை, அதாவது த்ராம்போசிஸா எம்பாலிசமா என்பதை, எங்கும் அப்படி எடுக்க முடியாது.

வழி க்வெரிதான், அதாவது டாக்டரிடம் எழுத்தில் விளக்கம் கேட்பது. 'இது எம்பாலிக் ஸ்ட்ரோக்தானே டாக்டர்?' என்று கேட்டால் பதிலை நாமே வாயில் ஊட்டுகிறோம், தணிக்கையில் அது நிற்காது. இப்படிக் கேளுங்கள்: 'எம்.ஆர்.ஐ.யில் இடது சிறுமூளையில் புதிய இன்ஃபார்க்ட், எம்.ஆர்.ஏ.வில் இடது பைகா தெரியவில்லை, ஈ.சி.ஜி.யில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று இருக்கிறது. உங்கள் மருத்துவக் கருத்துப்படி இன்ஃபார்க்டின் காரணத்தைக் குறிப்பிடவும்: த்ராம்போசிஸ், எம்பாலிசம், சிறு குழாய் அடைப்பு, வேறு காரணம், தீர்மானிக்க இயலவில்லை.' (எம்.ஆர்.ஏ. என்பது ரத்தக் குழாய்களைக் காட்டும் ஸ்கேன்.) கடைசி இரண்டு வாய்ப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். கோடின் எண்ணையோ பணத்தையோ க்வெரியில் எழுதவே கூடாது.

"சி.டி. நார்மல்னு வந்துடுச்சு. ஆனாலும் டாக்டர் சிறுமூளை ஸ்ட்ரோக்னு எழுதறார். நம்பிப் போடலாங்களா?"

போடலாம். சிறுமூளை இருக்கும் பள்ளத்தைச் சுற்றி தடித்த எலும்பு. சி.டி.யில் அந்த எலும்பின் நிழல் கோடுகள் படத்தைக் கெடுக்கும். முதல் சில மணி நேரத்தில் அடைப்பு தெரியாமல் போவது வழக்கம். எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படத்தில் அது வெள்ளையாகத் தெரியும். ரொம்பச் சீக்கிரம் எடுத்தால் அதிலும் சில சமயம் தப்பும். சி.டி. எடுப்பதன் முதல் நோக்கம் கசிவு இல்லை என்று உறுதி செய்வது. டாக்டர் பரிசோதனைக் குறிகளை எழுதி, நோயையும் எழுதியிருந்தால் அவர் எழுத்தே ஆதாரம்.

"இடது சிறுமூளைன்னா வலது கை கால்தானே பாதிக்கும்? ஷீட்ல இடது கைன்னு இருக்கு, தப்பா எழுதிட்டாங்களோ?"

தப்பில்லை. பெருமூளையில்தான் பக்கம் மாறும். சிறுமூளையில் அதே பக்கம்: இடது சிறுமூளை பாதித்தால் இடது கை கால் தடுமாறும், இடது பக்கம் சாய்வார். இதைத் தெரியாமல் 'பிழை' என்று நினைத்துப் பக்கத்தை மாற்றிவிட்ட பதிவுகள் தணிக்கையில் மாட்டுகின்றன. எதையும் நாமாக மாற்ற வேண்டாம். ஸ்கேனும் டாக்டர் குறிப்பும் முரண்பட்டால் க்வெரி.

தடுமாற்றத்துக்கு அக்யூட் கட்டத்தில் ஆர்27.0, குழறலுக்கு ஆர்47.1. டிஸ்சார்ஜுக்கு முன் சரியாகிவிட்டாலும் இவற்றைப் போடலாம். அரை உடல் செயலிழப்புக்கான ஜி81 கோடு டாக்டர் எழுதினால் மட்டும். தடுமாறும் கையைப் பார்த்து 'வீக்னஸ்' என்று செவிலியர் குறிப்பில் எழுதியிருப்பதை வைத்து அதைப் போட்டுவிடாதீர்கள்.

"என்.ஐ.எச். ஸ்கோர் பூஜ்யம்னு இருக்கு. பூஜ்யத்துக்கும் கோடு போடணுமா? நர்ஸ் எழுதினதை எடுத்துக்கலாமா?"

என்.ஐ.எச். ஸ்கோர் என்பது பக்கவாதத்தின் தீவிரத்தை எண்ணால் அளப்பது. சி.எம்.-இல் போடலாம்: ஆர்29.7 குடும்பம். கடைசி இரண்டு இலக்கம்தான் ஸ்கோர். பூஜ்யம் என்றால் ஆர்29.700, அதிகபட்சம் 42 என்றால் ஆர்29.742. இன்ஃபார்க்ட் கோடு முன்னால் வர வேண்டும். கசிவுக்கு இது கிடையாது. ஸ்கோரை நர்ஸ் எழுதியிருந்தாலும் எடுக்கலாம், நோயை மட்டும் டாக்டர் எழுதியிருக்க வேண்டும். பல முறை பார்த்திருந்தால் குறைந்தது முதல் ஸ்கோராவது ஏற வேண்டும்.

இந்த ஸ்கோர் சிறுமூளைக்கு நியாயம் செய்வதில்லை. கை கால் தடுமாற்றத்துக்கு அதிகபட்சம் 2 மதிப்பெண்தான், நடக்க வைத்துப் பார்க்கும் அம்சமே அதில் இல்லை. நிற்க முடியாதவருக்கும் பூஜ்யம் வரும். அதனால் பூஜ்யம் என்ற எண்ணைப் பார்த்து நோயை லேசாக எடைபோடக் கூடாது. முதல் பதிலில் சொன்ன பரிசோதனைகளைத் தனியாக எழுதச் சொல்வது இதற்காகவும்தான்.

"தலைசுத்தல்னு அட்மிட் பண்ணி, மூணாம் நாள்தான் ஸ்ட்ரோக்னு தெரிஞ்சுது. முதன்மை நோய் எது?"

சிறுமூளை இன்ஃபார்க்ட். சேரும்போது தெரியவில்லை, ஆனால் சேரக் காரணம் அதுதான் என்று பரிசோதனைக்குப் பிறகு நிலைநாட்டப்பட்டது. சேர்ந்தபோதே இருந்ததா என்ற கட்டத்தில் 'ஒய்' (ஆம்). தலைசுற்றல் அந்த நோயின் சாதாரண அறிகுறி என்பதால் ஆர்42 தனியாக வேண்டாம். வேறு நோய்க்காகச் சேர்ந்து, வார்டில் இருக்கும்போது ஸ்ட்ரோக் வந்தால் மட்டும் 'என்' (இல்லை).

'சிறுமூளை ஸ்ட்ரோக்காக இருக்கலாம்' என்று டிஸ்சார்ஜ் வரை சந்தேகமாகவே எழுதியிருந்தால், சி.எம்.-இல் உள்நோயாளி என்றால் இருப்பதாகவே வைத்துக் கோடு போடலாம். புறநோயாளி என்றால் அறிகுறியோடு, அதாவது ஆர்42-ஓடு நிறுத்த வேண்டும். அறிகுறி முழுக்கத் தெளிந்து, இன்ஃபார்க்டும் இல்லை என்று டாக்டர் டி.ஐ.ஏ. (மூளைக்குத் தற்காலிகமாக ரத்த ஓட்டம் தடைபடுவது) எழுதினால் ஜி45.

"வர்ட்டிப்ரல் குழாயில அடைப்பு, செத்தது சிறுமூளை. எந்தக் குடும்பத்துல போடறது?"

அடைந்த குழாயை வைத்து. வர்ட்டிப்ரல் என்பது கழுத்தின் பின்பக்கமாக மூளைக்கு ஏறும் குழாய்; இரு பக்க வர்ட்டிப்ரலும் சேர்ந்து பேசிலர் ஆகிறது. இடது வர்ட்டிப்ரல் த்ராம்போசிஸால் சிறுமூளை இன்ஃபார்க்ட் என்றால் சி.எம்.-இல் ஐ63.012, ஐ.சி.டி.-10-இல் ஐ63.0. வர்ட்டிப்ரலும் பேசிலரும் 'மூளைக்கு முந்தைய குழாய்கள்' பட்டியலில் வருகின்றன. சிறுமூளைக்கு நேரடியாக ரத்தம் தருபவை மூன்று ஜோடி: வர்ட்டிப்ரலிலிருந்து கிளம்பும் பைகா, பேசிலரிலிருந்து கிளம்பும் ஐகாவும் மேல் சிறுமூளைக் குழாயும். இவை அடைந்தால்தான் முன்பு சொன்ன 'அடுத்த எண் 4' கணக்கு. கழுத்துக் குழாயின் உட்சுவர் கிழிந்து வந்தது என்று இருந்தால் அதற்குத் தனிக் கோடும் சேரும். வர்ட்டிப்ரலுக்கு அது சி.எம்.-இல் ஐ77.74.

வாலன்பெர்க் சிண்ட்ரோம் என்று எழுதியிருந்தால் அது மூளைத்தண்டு பாதிப்பு, ஜி46.3. பைகா அடைப்பில் இரண்டும் சேர்ந்து வரலாம் என்பதால் டாக்டர் எழுதியதைத் தாண்டிப் போகாதீர்கள். இன்ஃபார்க்ட் இல்லாமல் சிறுமூளைக் குழாய்ச் சுருக்கம் மட்டும் என்றால் ஐ66.3.

"தொப்பூர் கணவாய்ல பைக்கோட விழுந்தவர், சி.டி.யில சிறுமூளையில ரத்தம். ஐ61.4 தானே?"

தெரியாது. ஐ61.4 தானாக வந்த கசிவுக்கு. அடிபட்டு வந்ததென்றால் சி.எம்.-இல் எஸ்06.37 குடும்பம், அதோடு விபத்து எப்படி நடந்தது என்ற கோடும். ரத்த அழுத்தத்தால் கசிந்து, தலைசுற்றி, அதனால் வண்டியோடு விழுந்தாரா? விழுந்து அடிபட்டதால் கசிந்ததா? வழக்கு, காப்பீடு, சிகிச்சை மூன்றும் இதைப் பொறுத்தது. உடன் வந்தவர் சொன்னது, 108 ஊழியர் குறிப்பு, மேலே காயம் எங்கே என்பதையெல்லாம் வைத்து டாக்டர் ஒரு வரி எழுத வேண்டும்.

முதலில் அடைப்பாக இருந்து, அதே இடத்தில் பிறகு ரத்தம் கசிந்தால் ஐ63-ஐ அழித்துவிட்டு ஐ61.4 போடக் கூடாது. முதல் நிகழ்வு அடைப்பு என்பது பதிவில் நிற்க வேண்டும்.

"'மாஸ் எஃபெக்ட் இருக்கு, அப்சர்வ்'னு எழுதியிருக்கார். இதுக்கு என்ன கோடு?"

அந்த வரிக்குக் கோடு இல்லை. சிறுமூளை இருக்கும் பள்ளம் குறுகலானது. செத்த திசு முதல் சில நாட்களில் வீங்கும்போது பக்கத்தில் இருக்கும் நாலாவது அறை நசுங்கி மூளை நீர் தேங்கும், மூளைத்தண்டு அழுந்தும். காலையில் பேசிக்கொண்டிருந்தவர் மாலையில் நினைவிழப்பது இதனால்தான். டாக்டர் 'மூளை வீக்கம்' என்று எழுதினால் ஜி93.6, 'மூளை அழுத்தம்' என்றால் ஜி93.5, 'நீர்த்தேக்கம், அடைப்பினால்' என்றால் ஜி91.1. எந்தத் தேதியில் தெரிந்தது என்பதும் வேண்டும். சேர்ந்த பிறகு வந்ததென்றால் 'என்'. நினைவு மட்டத்தை மணிவாரியாகக் குறித்த செவிலியர் தாள்தான் இங்கே உயிர் காக்கும் ஆவணம். அதைக் கோப்பிலிருந்து பிரித்து வைக்காதீர்கள்.

"இங்க ஊசி போட்டு சேலத்துக்கோ பெங்களூருக்கோ அனுப்பிட்டோம். யாரு எதை எழுதணும்?"

அனுப்பும் இடம்: கடைசியாக நன்றாக இருந்த நேரம், வந்த நேரம், சி.டி. நேரம், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியின் பெயர், அளவு, தொடங்கிய நேரம், கிளம்பும்போது ரத்த அழுத்தம். ரெஃபரல் சீட்டின் நகல் இங்கும் இருக்க வேண்டும்.

பெற்றுக்கொள்ளும் இடம் சி.எம். பயன்படுத்தினால், 24 மணி நேரத்துக்குள் வேறு மருத்துவமனையில் ஊசி போட்டிருப்பதைக் காட்ட இசட்92.82. ஊசி போட்ட மருத்துவமனை இதைப் போடக் கூடாது. 'வெளியே ஊசி போட்டது' என்று நேரமில்லாமல் எழுதிய சீட்டு வந்தால், அடுத்த இடத்தில் ரத்தம் உறையாமை மருந்து எப்போது தொடங்குவது என்பதே தெரியாது.

"ஆறு மாசம் ஆச்சு, இன்னும் தள்ளாடறார். ஓ.பி.யில ஐ63 போடலாமா?"

கூடாது. ஐ63 அக்யூட் கட்டத்துக்கு. சி.எம்.-இல் அடைப்புக்குப் பின் மிஞ்சிய தடுமாற்றம் ஐ69.393, குழறல் ஐ69.322. கசிவுக்குப் பின் தடுமாற்றம் ஐ69.193. அடைப்பு வந்து எந்தக் குறையும் மிஞ்சாமல் தேறிவிட்டால் இசட்86.73. சி.எம்.-இல் இதற்குக் கால வரம்பு இல்லை.

ஐ.சி.டி.-10-இல் 'பின்விளைவு' என்று எழுதியிருந்தாலோ, நோய் தொடங்கி ஓராண்டு ஆகியும் நிலைத்திருந்தாலோ ஐ69. அடைப்புக்கு ஐ69.3, கசிவுக்கு ஐ69.1. 'ஓல்டு சி.வி.ஏ.' என்று எழுதும் டாக்டர், என்ன மிஞ்சியிருக்கிறது என்றும் சேர்த்து எழுதினால் பாதிச் சந்தேகம் தீரும்.

"இறந்துட்டா படிவம் 4-ல 'இதய, மூச்சு நிறுத்தம்'னு எழுதறாங்களே, அது போதுங்களா?"

போதாது. படிவம் 4 என்பது மரணக் காரணத்துக்கான மருத்துவச் சான்று. எல்லா மரணத்திலும் இதயமும் மூச்சும் நிற்கும். அது காரணம் ஆகாது. முதல் பகுதியில் மேலிருந்து கீழே சங்கிலி போல எழுத வேண்டும். அ வரியில் 'மூளைத்தண்டு அழுத்தம், 6 மணி நேரம்'. ஆ வரியில் 'இடது சிறுமூளை இன்ஃபார்க்ட், எம்பாலிசம், 3 நாள்'. இ வரியில் 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், 2 ஆண்டு'. ஒவ்வொன்றும் அதன் கீழே இருப்பதால் வந்தது என்று படிக்க முடிய வேண்டும். சர்க்கரை நோய் போலத் துணையாக நின்றவை இரண்டாம் பகுதியில். கால இடைவெளிக் கட்டத்தைப் பலரும் காலியாக விடுகிறார்கள். சங்கிலி சரிதானா என்று கோடர் சோதிப்பது அந்த எண்களை வைத்துத்தான். மருத்துவமனைக்கு வெளியே இறந்தவருக்குப் படிவம் 4அ.

"க்வெரி அனுப்பினோம், டாக்டர் பழைய வரியை வெள்ளை மை போட்டு அழிச்சு மாத்தி எழுதிக் கொடுத்தார். சரிதானே சார்?"

சரியில்லை. பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும்: குறுக்கே ஒரே ஒரு கோடு இழுத்து அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும். புதிய விவரத்தைப் பின்சேர்க்கை என்று தலைப்பிட்டு, எழுதும் நாளும் மணியும் போட்டு எழுத வேண்டும்; முன் தேதி போடக் கூடாது. க்வெரித் தாளையும் கோப்பிலேயே வைக்கவும். வெள்ளை மை பூசிய வரி எத்தனை உண்மையாக இருந்தாலும், நீதிமன்றமோ தணிக்கையோ அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். அப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் கோடு போடாமல் நிறுத்திவைத்து, பின்சேர்க்கை வாங்கிய பிறகு தொடருங்கள்.